ஊசல் பிடிக்கிற கை

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் தொம்மை நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சூசையம்மா கோடாலியைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். இரண்டு பேருக்கும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டிவிக்குள் இருக்கிறவர்களுக்கு மூச்சு எதற்கு, யாராவது கேட்டார்களா, கேட்கவில்லை, ஆனாலும் எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருத்தன் இவர்களுக்கு மூச்சு வைத்திருக்கிறான், ஓடி வந்து நின்றால் வேகமாக, கொஞ்ச நேரம் ஆனால் மெதுவாக, அந்த மனுஷன் பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கட்டும் என்று இன்னாசி நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணிக்குள் துறைமுகத்தில் ஷிப்டு போடுகிற பாலகுரு சாருக்குப் போன் பண்ண வேண்டும். நாளைக் காலை ஷிப்டுக்கு கிரேன் ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏறவில்லை சார், கீழேயே நின்று கன்டெய்னர் பெட்டி நம்பர் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும், இரண்டில் ஒன்று, சார் ஒன்றும் கோபமாகக் கேட்கவில்லை, “யோசிச்சு சொல்லுங்க இன்னாசி, ஒண்ணும் அவசரமில்ல, ஞாயித்துக்கிழம நாலு மணிக்குள்ள சொன்னாப் போதும்” என்றுதான் சொன்னார், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு மணியும் குறித்துக் கொடுக்கிறவரிடம் என்ன பேச முடியும். “என்னங்க, தூங்கிட்டீங்களா?” என்றாள் டெல்பின். அவள் ஸ்டூலில் காலைத் தூக்கிப் போட்டு, முறுக்கு டப்பாவை மடியில் வைத்து, கன்ட்ரோலரை அதற்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூசையம்மா அவளுடைய ஆள். தெருக்குழாயில் யாரையும் முந்தவிடாத தன் பெரியம்மாவின் பேரை வைத்திருந்தாள், டிவிக்குள்ளும் அந்த அம்மாள் யாரையும் முந்தவிடுவதில்லை. தொம்மை இவனுடையவன், ஈட்டிக்காரன். இரண்டு பேருக்கும் ஒத்த உயிர். மற்ற ஆட்கள் செத்தால் வாசலில் எழுந்து நிற்பார்கள், மறுபடி வரலாம், இந்த இரண்டு பேரும் செத்தால் அதோடு சரி, ஏழு வாரம் சேர்த்த கவசமும் ஈட்டியும் பேரும் ஒரு நொடியில் அழிந்துபோகும், அப்படி ஒரு ஏற்பாடு அந்த விளையாட்டில் உண்டு, வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், டெல்பின் வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். செத்தாலும் எழுந்து வருகிற மற்ற ஆட்களை வைத்து இதே கதவுக்குள் ஏழு தடவை போய் ஏழு தடவையும் செத்தாயிற்று. இன்றைக்குக் காலையில் பூசை முடிந்து வருகிற வழியில், செருப்புக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள், “இன்னைக்கு தொம்மையையும் சூசையம்மாவையும் கூட்டிட்டுப் போவோம். சாவ மாட்டோம்னு தெரிஞ்சா கை சோம்பேறியாப் போவுது.” கை என்று அவள் சொன்னது இவனுக்கு மட்டும் சுருக்கென்றது.

கை. அந்த வலது கட்டைவிரல். இப்போது அது கன்ட்ரோலரின் சின்ன ஸ்டிக்கின் மேல் இருக்கிறது, இல்லை, நடக்க வைப்பது இடது கட்டைவிரல், வலது ஈட்டிக்கு, கிரேனிலும் இடது கைதான் பெட்டியைக் கடலுக்கும் கரைக்கும் கொண்டுபோகிற கை, வலது ஏற்றி இறக்குகிற கை, எவனும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை, தானாக அப்படி அமைந்திருக்கிறது. படித்துவிட்டுச் சும்மா சுற்றிய நாட்களில் சித்தப்பா மகன் ராபினோடு பிரவுசிங் சென்டரில் போய் விளையாடிய ஆட்டங்கள் வேறு மாதிரி. அதில் மவுஸால் தரையில் ஓர் இடத்தைத் தொட வேண்டும், ஆள் நடந்து போவான், எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவனே முடிவு பண்ணிக்கொள்வான், சில நேரம் தூணைச் சுற்றிப் போவான், பேயைத் தொட நினைத்துத் தரையைத் தொட்டுவிட்டால் பேயின் மடியிலேயே போய் நிற்பான். அதுவும் நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல முடியாது, ராபின் அதில் ராஜா, ஆனால் அது கீழே இருந்து வாக்கி டாக்கியில் ஆள் சொல்லுகிற மாதிரி, கொஞ்சம் கடல் பக்கம், கொஞ்சம் கரைப் பக்கம், போதும் போதும் நில்லு. சொல்லுகிறவன் ஒருத்தன், போகிறவன் ஒருத்தன். இதில் நடுவில் யாரும் இல்லை. கட்டைவிரலை மயிரிழை சாய்த்தால் தொம்மை மெல்ல நடக்கிறான், முழுக்கச் சாய்த்தால் ஓடுகிறான், எடுத்தால் நிற்கிறான், எடுத்த அந்த நொடியே நிற்கிறான், முதல் முதலாக டெல்பின் இதை வாங்கி வந்து மாட்டிய அன்றைக்கு இன்னாசி அரைமணி நேரம் ஒரு பேயையும் அடிக்காமல் தொம்மையை வட்டம் வட்டமாக நடக்கவே விட்டுக்கொண்டிருந்தான், “கல்யாண ஊர்வலமா விடுறீங்க?” என்று அவள் கேட்டாள், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, என் விரல்தான் இவன் கால், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. அப்புறம் அந்த அடி. ஈட்டி போய்ப் பதிகிற நேரத்தில் படம் கண் சிமிட்டுகிற நேரம் அப்படியே நிற்கும், கையில் கன்ட்ரோலர் ஒரு தடவை அதிரும், பிறகு எல்லாம் ஓடும். அந்த ஒரு சிமிட்டல் இல்லாவிட்டால் ஈட்டி காற்றில் போகிற மாதிரிதான் இருக்கும். அதை ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் அறையின் கண்ணாடித் தரைக்குக் கீழே, இரும்புச் சட்டம் போய்ப் பெட்டியின் நாலு மூலையிலும் உட்காரும்போது சீட்டுக்கு அடியில் ஒரு ‘டொக்’ வரும், காதுக்கு வராது, முதுகுக்கு வரும், அந்த டொக் வந்தால்தான் பெட்டி நம் கைக்கு வந்தது என்று அர்த்தம், அதே டொக்கை இந்தச் சின்ன பிளாஸ்டிக் சாமானுக்குள் எப்படி அடைத்தார்கள், கிரேன் ஏறிப் பார்த்தவன்தான் யாரோ இதைச் செய்திருக்க வேண்டும்.

“தொறக்கப் போறேன், முறுக்கு வேணுமா?” “வேண்டாம்.” “பொறவு கேக்கக் கூடாது.” கதவு திறந்தது. உள்ளே பெரிய வட்டக் கூடம், நடுப்பள்ளத்தில் சங்கிலியான், அவனுக்கு என்ன பேரோ இங்கிலீஷில் இருந்தது, இவர்கள் வைத்தது சங்கிலியான். கூரையின் உச்சியிலிருந்து ஒரு சங்கிலி தொங்கியது, சங்கிலியின் அடியில் ஒரு குண்டு, லாரி அளவு இரும்புக் குண்டு, குண்டுக்குக் கீழே வால் மாதிரி நீண்ட மிச்சச் சங்கிலியைப் பிடித்து அவன் பள்ளத்தில் நின்றபடி அதை இழுத்து விடுவான், அது கூடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வீசிக்கொண்டு போகும், வரும். குண்டில் மூன்று பூட்டு. மூன்றையும் உடைத்தால் குண்டு அறுந்து அவன் தலையிலேயே இறங்கும். சூசையம்மா பூட்டை உடைக்க வேண்டும், தொம்மை சுற்றி வருகிற வௌவால்களைக் குத்தித் தள்ள வேண்டும், ஏழு தடவையும் அப்படித்தான் பேசிக்கொண்டு போனார்கள், ஏழு தடவையும் குண்டு தன்னை நோக்கி வரும்போது இன்னாசியின் ஆள் நின்றான். இன்னாசிக்குத் தெரியும் ஏன் நின்றான் என்று. டெல்பினுக்குத் தெரியாது. “பட்டன அமுக்கி உருளுங்க, எதுக்கு போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க” என்று மட்டும் திட்டுவாள். இரும்புப் பெட்டிகளையே பத்து வருஷம் அந்தரத்தில் தொங்கவிட்டுப் பிழைத்தவனுக்குத் தொங்குகிற குண்டைக் கண்டு என்ன, இதுதான் அவள் நினைப்பு, நியாயமான நினைப்பு. கிரேனை விட்டு இறங்கி வந்த அன்றைக்குக் காற்றடித்தது என்று அவளிடம் சொல்லியிருந்தான். காற்றடித்தது உண்மை. வெறும் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, சரக்கு இல்லாத பெட்டிக்குக் காற்று பிடிக்கும், பாய் விரித்த மாதிரி பிடிக்கும், கப்பலின் மேல்தட்டுக்கு மேலே கொண்டுபோகும்போது பக்கவாட்டில் வீசிப் போனது. அதில் ஒன்றுமில்லை. பெட்டி ஊசலாடினால் அது போகிற பக்கமே நம் அறையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற டிராலியையும் ஓட்ட வேண்டும், அது போய் முடிகிற இடத்தில் அதன் தலைக்கு நேர் மேலே நாம் போய் நின்றுவிட்டால் ஊசல் செத்துப்போகும், ஊசலைப் பிடிக்கிறது என்பார்கள், புதிதாக வருகிறவன் எதிர்ப்பக்கம் இழுப்பான், இழுக்க இழுக்கப் பெரிதாகும், பிடிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒன்றரை வினாடி வேலை. அவன் அதை ஆயிரம் தடவை செய்திருப்பான், டீ குடித்துக்கொண்டு செய்திருப்பான். அன்றைக்குச் செய்யவில்லை. கண்ணாடிக்குக் கீழே முத்துமாலை தெரிந்தான், கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டுக்கம்பி மாட்டுகிற பையன்களில் உயரமானவன், மஞ்சள் தொப்பி, பெட்டி அவனை நோக்கிப் போனது, கையைத் தள்ள வேண்டும், அந்தப் பக்கம், முத்துமாலை இருக்கிற பக்கமே, கை போகவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பெட்டி தானாகப் போய்த் தானாகத் திரும்பியது. மஞ்சள் தொப்பி மட்டும் தட்டில் உருண்டு உருண்டு போய் ஓரத்தில் மோதி நின்றது.

மறுநாள் முத்துமாலையே தேடி வந்தான், “அண்ணாச்சி, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்களாமே, தொப்பிதான போச்சு, தலை இந்தா இருக்குல்லா” என்று தலையைக் குனிந்து காட்டினான், எண்ணெய் வைத்து வகிடு எடுத்த தலை, இன்னாசி சிரித்தான், சிரிக்காமல் என்ன செய்வது. டாக்டர் கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கிரேன் ஏறாமல் பத்தொன்பது நாள். ஆனால் டாக்டருக்குத் தெரியாத ஒன்று டெல்பினின் வாயால் வந்தது, அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ஆட்டம் வாங்கின நாளிலிருந்தே இன்னாசிக்கு ஒரு கெட்ட பழக்கம், தொம்மையை ஓர் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் போய்ச் சேருவதற்கு ஒரு அடி முன்னாலேயே ஸ்டிக்கை விட்டுவிடுவான். பெட்டி அப்படித்தான், சேர வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், மிச்சத் தூரத்தை அதுவே வீசிக்கொண்டு போகும், ஆனால் தொம்மை வீச மாட்டான், விட்ட இடத்தில் நிற்பான், பெட்டகத்துக்கு ஒரு அடி இப்பால், ஏணிக்கு ஒரு அடி இப்பால், பேய்க்கு ஒரு அடி இப்பால் நின்று காற்றைக் குத்துவான். டெல்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், “ஏங்க, அவன் என்ன கம்பியிலயா தொங்குறான், நடக்கிற மனுஷங்க அவன்!” தன் வேலையிடத்தில் இறால் உரிக்கிற பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லி வைத்திருந்தாள். போன வாரம் ஒரு நாள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, “பரவாயில்லையே, இப்பல்லாம் ஒழுங்காப் போய் நிக்கிறீங்க, தொம்மை நடக்கப் படிச்சுட்டான்” என்றாள். அன்றிலிருந்துதான் அவன் தன் விரலையே கவனித்துக்கொண்டிருக்கிறான். எப்போது விட்டது அந்தப் பழக்கம்? பெட்டி போன அன்றைக்கா? விரல் இப்போது கடைசிவரை ஸ்டிக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது தானாக வரும் என்று நம்பி விடுகிற துணிச்சல் விரலில் இல்லை, பத்து வருஷமாக அதற்குள் உட்கார்ந்திருந்த கிரேன் இறங்கிப் போய்விட்டது. அப்படியானால் ஏறுகிறேன் சார் என்று எந்த வாயால் சொல்வது, கீழே நாலு பேர் நிற்பார்கள், நாலு தொப்பி, நாலு வகிடு.

“வௌவால்! உங்க பக்கம்! வௌவால்!” தொம்மை குத்தினான். ஒன்று, இரண்டு, படம் சிமிட்டி ஓடியது, மூன்றாவது கருகிய சேலைத் துணி மாதிரி சுருண்டு விழுந்தது. சூசையம்மா குண்டின் பக்கத்தில் ஓடினாள். அவள் ஓடுகிற அழகை இன்னாசி எப்போதும் பார்ப்பான், பார்க்கக் கூடாத நேரத்திலும் பார்ப்பான், டெல்பினின் விரல் ஸ்டிக்கில் இருக்கிற மாதிரியே தெரியாது, இறால் ஓட்டைக் கழற்றுகிற மாதிரி ஒரு சின்ன சுண்டல், அங்கே சூசையம்மா உடம்பைத் திருப்பி, கோடாலியைச் சுழற்றி, அடித்த வேகத்திலேயே உருண்டு, வால் வீச்சுக்குக் கீழே புகுந்து, எழுந்து நிற்பாள், உருளும்போதே அடுத்த அடிக்குக் கோடாலி பின்னால் போயிருக்கும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஊசி நுழைய இடம் இருக்காது. யாரும் இதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பகலெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை விறைக்க நின்றுவிட்டு வந்து இவ்வளவு விளையாட்டு விரலில் எங்கே வைத்திருக்கிறாள். வாய் மட்டும் ஓயாது. “ஏல, சங்கிலி மூதி, ஒன் மூஞ்சியும் நீயும், இந்தா வாங்கிக்க, இன்னொண்ணு வேணுமா, இந்தா.” முதல் பூட்டு தெறித்தது. சங்கிலியான் உறுமினான், குண்டு இன்னும் பெரிதாக வீசியது, கூடத்தின் இரண்டு சுவரையும் தொட்டுத் தொட்டு வந்தது. இன்னாசியின் உள்ளங்கை வேர்த்தது, சட்டையில் துடைத்துக்கொள்ள ஒரு கையை எடுக்க முடியாது, எடுத்தால் தொம்மை நிற்பான். குண்டு வருகிறது. உருளு. உருண்டான். போய்விட்டது. திரும்பி வருகிறது. அதன் கீழே நிழல் வருகிறது, நிழலையும் வைத்திருக்கிறார்கள், படுபாவிகள், எவ்வளவு ஒழுங்கு, குண்டு உயரப் போகப் போக நிழல் சிறுத்து, தாழ வரவரப் பெருத்து, பெட்டியின் நிழலும் அப்படித்தான், கப்பல் தட்டில், காலை வெயிலில், முதலில் ஒரு தீப்பெட்டி அளவு. சின்ன வயதில் கோவில் மணிக்கயிற்றில் தொங்கியது நினைப்பில் வந்தது, திருவிழாவுக்கு மூன்று பையன்கள் சேர்ந்து இழுப்பார்கள், மணி போகிறபோது இழுத்தால் கயிறு உள்ளங்கையை உரித்துவிடும், அது போகிற மட்டும் கையையும் அதன் கூடவே போக விட்டுவிட வேண்டும், போய் முடிந்து ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும், அந்த நொடியில் இழுத்தால் பூ மாதிரி வரும். போய் முடிகிற இடத்தில் எல்லாமே ஒரு நொடி நிற்கிறது. மணி நிற்கிறது. பெட்டி நிற்கிறது. “ரெண்டாவது!” என்று டெல்பின் கத்தினாள், இரண்டாவது பூட்டு தெறித்து ஓடியது. முறுக்கு டப்பா மடியிலிருந்து கீழே விழுந்தது, அவள் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு நடந்தது ஒரு வௌவாலால். இன்னாசி குத்தாமல் விட்ட வௌவால். அவன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது அவன் தலைக்கு மேலே போய்ச் சூசையம்மாவின் முதுகில் விழுந்தது, அவள் தடுமாறிய இடத்தில் சங்கிலியின் வால் வந்து அடித்தது, சூசையம்மா பள்ளத்தின் விளிம்பில் குப்புற விழுந்தாள், கோடாலி ஒரு பக்கம் போயிற்று. “ஐயோ!” என்று டெல்பின் எழுந்து நின்றுவிட்டாள், “ஐயோ ஐயோ, என்னங்க, எந்திரிக்க முடியல, வாங்க, தூக்குங்க, இல்ல வேண்டாம், குண்டு வருது, தூக்க மூணு செகண்டு ஆவும், வேண்டாம், பூட்ட ஒடைங்க, நீங்க ஒடைங்க!” விழுந்தவளைக் குண்டு ஒரு தடவை தொட்டால் போதும், சூசையம்மா என்ற பேரே இருக்காது. குண்டு அந்தக் கோடிச் சுவரைத் தொட்டுத் திரும்பியது. அதன் பாதை நேராக அவள் மேல். தொம்மை நின்றான். இன்னாசி தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தான், விரல் ஸ்டிக்கின் மேல் இருக்கிறது, உயிர் இல்லாத விரல், வாசலில் கிடக்கிற கோந்துப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது, ஒன்று, மஞ்சள் தொப்பி, இரண்டு, டெல்பின் ஏதோ கத்துகிறாள், வார்த்தை காதுக்கு வரவில்லை, முதுகுக்கு வருகிறது, துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதுகிறது, இல்லை, அது டிவியில், இல்லை, கப்பல்தான், மூன்று, எந்தப் பக்கம், எதிர்ப்பக்கம் ஓடினால் அகப்பட்டுக்கொள்வான், பக்கவாட்டில் ஓடினால் சங்கிலி, எங்கே போக, நான்கு என்று எண்ணப் போனான், எண்ணவில்லை. எண்ணுகிறதுக்குள் விரல் போய்விட்டது. அவன் அனுப்பவில்லை. அது குண்டு போகிற பக்கமே போனது. குண்டின் தோளோடு தோளாகத் தொம்மை ஓடினான், அது வேகம் பிடிக்கிறபோது வேகம் பிடித்து, அது தளருகிறபோது ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தி, சூசையம்மாவைத் தாண்டுகிற இடத்தில் ஈட்டிக் காம்பால் குண்டின் விலாவில் ஒரு தட்டு, சின்னத் தட்டு, பெரிய தட்டு தட்டினால் திரும்பிவிடும், ஒரு முழம் விலகினால் போதும், விலகியது, சூசையம்மாவின் தலைமாட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது, அவளுடைய முடி காற்றில் பறந்து படிந்தது, முடியையும் பறக்க விட்டிருக்கிறார்கள், ஆண்டவரே, என்ன கை அது, என்ன மனசு அது, இவ்வளவையும் யோசித்த அந்தப் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள். குண்டு ஏறியது. ஏறிக்கொண்டே போய், இந்தக் கோடிச் சுவருக்குப் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. தொம்மை அதற்கு நேர் கீழே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். மூன்றாவது பூட்டு கண்ணுக்கு நேராக, கதவுச் சாவித்துளை மாதிரி. வலது விரல் அமுக்கியது. படம் சிமிட்டியது. டொக்.

சங்கிலி அறுந்தது, குண்டு தொம்மையைத் தாண்டி விழுந்து, உருண்டு பள்ளத்துக்குள் இறங்கியது, சங்கிலியானின் உறுமல் பாதியில் நின்றது. அவன் விழுந்தால் விழுந்துகிடக்கிற நம் ஆள் எழுந்துவிடுவார், அது ஆட்டத்தின் சட்டம், சூசையம்மா எழுந்து கோடாலியைப் பொறுக்கிக்கொண்டாள். டெல்பின் கட்டிலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தாள், “எப்படிங்க! எப்படிங்க செஞ்சீங்க! கூடவே ஓடுனீங்களே, ரயில்ல ஏறப் போற மாதிரி கூடவே ஓடுனீங்களே, யாரும் அப்படி ஓட மாட்டாங்க!” என்று அவன் தோளில் அடித்தாள், பிறகு டிவியைப் பார்த்து, “கூரை, கூரை இடியுது, ஓடுங்க, கதவு!” கூரையிலிருந்து கற்கள் விழத் தொடங்கின. சூசையம்மா முன்னால் ஓடிக் கதவைத் தாண்டிவிட்டாள். தொம்மை பின்னால் ஓடினான். இன்னாசி டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் மனசு அங்கே இல்லை, அது பள்ளத்தில் கிடந்த குண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, நான்கு எண்ணவில்லையே, மூன்றோடு நின்றுவிட்டதே, அன்றைக்கும் மூன்றோடு நின்றிருந்தால், நிற்கவில்லை, போகட்டும், இன்றைக்கு நின்றது, முத்துமாலையின் தலையில் எவ்வளவு எண்ணெய், அவன் அம்மாதான் வைத்துவிடுவாளாம், இருபத்து மூன்று வயசுக்கும் அம்மாதான், கதவு பக்கத்தில் வந்துவிட்டது, வெளிச்சம் தெரிகிறது, படிக்கட்டின் கடைசிக் கல் தெரிகிறது, வந்தாயிற்று, வந்தாயிற்று, மிச்சத்துக்கு அதுவே போகும். விரல் எழுந்தது. கதவுக்கு ஒரு அடி இப்பால் தொம்மை நின்றான். அலுப்பு தீர நின்றான், நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கூரையின் நடுக்கல் அவன் மேல் விழுந்தது.

டிவியில் தொம்மையின் பேர் ஒரு கல்லில் எழுதி வந்தது, அவன் வாழ்ந்த மணி நேரம், அவன் கொன்ற பேய்களின் எண்ணிக்கை, பிறகு கல்லும் மங்கியது. “ஒரு அடி” என்றாள் டெல்பின். குரல் கீழே கிடந்தது. “ஒரே ஒரு அடி. சங்கிலியானக் கொன்னுட்டு, ஒரு அடியில போய்…” அவள் குரல் மேலே ஏறியது, “மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா! நல்லா இருந்தீங்களே! ஒழுங்கா நடந்துட்டு இருந்தானே! எதுக்குங்க நின்னீங்க, எதுக்கு?” “அது தானாப் போயிரும்னு விட்டுட்டேன்டி” என்றான் இன்னாசி. “எது தானாப் போகும்?” “பெட்டி.” “எந்தப் பெட்டி?” அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துகொண்டிருந்தது, அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கட்டைவிரலில் ஸ்டிக்கின் சொரசொரப்பு வட்டமாகப் பதிந்திருந்தது, கிரேன் எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறது, படுவா, பத்தொன்பது நாளும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்ததைச் சிரிப்போடு சேர்த்துத் துடைத்துக்கொண்டான். “ஏழு வாரத்து ஆளு செத்துக் கெடக்கான், இவுக சிரிக்காக” என்றாள் டெல்பின், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்து, தரையில் சிதறிய முறுக்கைப் பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்கு வெறும் காற்று மட்டும் இல்லை என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும், நான்கு வினாடியையும் சொல்ல வேண்டும், திட்டுவாள், திட்டட்டும். நாலுக்கு ஐந்து நிமிஷம். போனை எடுத்தான். இரண்டாவது மணியிலேயே பாலகுரு சார் எடுத்தார். “சார், இன்னாசி. ஆமா சார். ஏறுறேன் சார். ஒரு விஷயம், மொத அரை நாளு என் கிரேனுக்குக் கீழ ஆள் நிக்காம வேலை வைங்க, கை எனக்குத் திரும்பிப் பழகட்டும், பொறவு நானே சொல்லுறேன். ஆமா சார், வெறும் பெட்டியே குடுங்க. எந்த கிரேன்? மூணாவதா? சரி சார்.” வைத்துவிட்டுத் திரும்பினால் டெல்பின் அதற்குள் புது ஆள் செய்கிற இடத்துக்குப் போயிருந்தாள், திரையில் ஒரு பையன், பேர் இல்லாமல், வெறுந்தலையோடு, மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். “ஒத்த உயிர்தான?” என்றாள். “ஆமா.” “பேரு?” “முத்துமாலை.” அவள் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். “தலைக்கு என்னமும் மாட்டணுமா, சும்மா விடவா? முடி நல்லா இருக்கு, வகிடெல்லாம் எடுத்துருக்கான்.” இன்னாசி கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தான். “தொப்பி போடு” என்றான். “நாடிப் பட்டிய இறுக்கிப் போடு.”